ஃபேன் சுற்றுகிறது, கம்ப்யூட்டர் வரவில்லை: எஸ்எம்பிஎஸ் என்னதான் செய்கிறது?

பழைய டெஸ்க்டாப் ஒன்று மக்கர் செய்தால் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டே வசனம். ஃபேன் சுற்றவில்லை என்றால், "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு." ஃபேன் சுற்றினால், "எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு, மதர்போர்டு போயிருக்கும்." எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பெட்டி; மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய போர்டு. இரண்டு வசனமுமே தப்பாகப் போகலாம். முதல் வசனத்தை நம்பி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. இரண்டாவதை நம்பி நல்ல மதர்போர்டைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். அந்தக் கதை கொஞ்சம் பின்னால் வரும்.

இந்தக் குழப்பத்துக்கு நம்மைக் குறை சொல்லவும் முடியாது. மின்சாரத்தோடு நமக்குப் பழக்கம் பல்பு வழியாகத்தான். கரன்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு போதாது. கரன்ட் வருகிறதா என்பதோடு, எவ்வளவு வருகிறது, வேலை கூடும்போதும் அதே அளவில் நிற்கிறதா என்றும் அது பார்க்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதில் முக்கால்வாசி அந்த "நிற்கிறதா" என்ற இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் தண்ணீர்த் தொட்டி

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. குழாயைத் திறந்தால் தண்ணீர் எந்த அழுத்தத்தில் வருகிறதோ, அதுதான் மின்சாரத்தில் வோல்ட். ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட், அதாவது மொத்தத்தில் செய்ய முடிகிற வேலை. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடினால் 120 வாட்.

ஷவரில் குளித்துக்கொண்டிருக்கும்போது கீழே வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கினால் என்ன ஆகும்? ஷவர் நூல் மாதிரி மெலிந்துவிடும். தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் வருகிறது. குளிக்க முடிகிறதா என்றால் முடியவில்லை.

கேபினட்டுக்குள் இருக்கும் ஃபேனும் பிராசஸரும் இப்படித்தான். 12 வோல்ட் ஃபேனுக்கு 7 வோல்ட் கொடுத்தாலும் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிராசஸரோ ஹார்டு டிஸ்க்கோ அப்படி அனுசரித்துப் போகாது. ஃபேன் சுற்றுவது, குழாயில் ஏதோ தண்ணீர் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

சுவரில் வரும் கரன்ட்டை வைத்து என்ன செய்கிறது?

சுவர் பிளக்கில் வருவது ஏ.சி., அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம். நாட்டைப் பொறுத்து 115 வோல்ட் அல்லது 230 வோல்ட் சுற்றுவட்டத்தில் இருக்கும். நொடிக்கு 50 அல்லது 60 சுற்று. கம்ப்யூட்டருக்குத் தேவைப்படுவது டி.சி., ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதுவும் 12, 5, 3.3 என்ற மூன்று அளவுகளில். இந்த மாற்றத்தைச் செய்யும் இரும்புப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை என்பதன் சுருக்கம் அது.

"உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அது வோல்ட்டைக் குறைச்சுக் கொடுக்கும், அவ்வளவுதான்" என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ரேடியோக்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே முறையில் 300 வாட் தர வேண்டுமென்றால், அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். எஸ்எம்பிஎஸ் போகும் வழி வேறு.

வீட்டுக்குத் தளம் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் மேலே போக வேண்டிய கலவை எவ்வளவு என்பது முடிவான விஷயம். நிமிடத்துக்கு ஒரே சட்டிதான் போகும் என்றால் அது அண்டா மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். ஓயாமல் கைமாறினால் சின்னச் சட்டியே போதும். டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு சட்டிதான். நொடிக்கு 50 தடவை கைமாற்றினால் அது கனத்த இரும்புக் கட்டியாக இருக்க வேண்டும். பல்லாயிரம் தடவை, சில வடிவமைப்புகளில் லட்சம் தடவை கைமாற்றினால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அதற்காக எஸ்எம்பிஎஸ் முதலில் சுவர் ஏ.சி.யை அப்படியே டி.சி. ஆக்குகிறது. 230 வோல்ட் ஏ.சி. இப்படி மாறும்போது உச்ச அளவான 320 வோல்ட் வாக்கில் வந்து நிற்கும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது, பின்னால் வரும். அப்புறம் ஒரு டிரான்சிஸ்டர் அந்த மின்சாரத்தை அசுர வேகத்தில் ஆன், ஆஃப் என்று வெட்டுகிறது. பெயரில் இருக்கும் "ஸ்விட்ச்" இதுதான்; பின்பக்கம் நாம் தட்டும் ஸ்விட்ச் இல்லை. வெட்டிய துண்டுகள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் வெளியே வருகின்றன.

துண்டு துண்டாக வருவதை ஒரே சீராக ஆக்க வேண்டுமே? அந்த வேலைக்குத்தான் கெப்பாசிட்டர். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துக் கொடுக்கும் சின்ன உருளை. மேலே யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும், டிரம்மின் அடியில் இருக்கும் குழாயில் ஒரே சீராக வரும் அல்லவா, அந்த டிரம் மாதிரி.

கடைசியாக ஒரு மேற்பார்வையாளர். வெளியே போகும் வோல்ட்டை ஒரு சின்னச் சுற்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் இறங்கினால், ஒவ்வொரு தடவையும் "ஆன்" ஆக இருக்கும் நேரத்தைச் சற்று நீட்டச் சொல்லும். ஏறினால் குறைக்கச் சொல்லும். எஸ்எம்பிஎஸ் ஒரு குழாய் மாதிரி சும்மா கடத்திவிடுவதில்லை, நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே இருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஏ.சி.யை டி.சி. ஆக்கு, வேகமாக வெட்டு, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கு, கெப்பாசிட்டரில் சீராக்கு, அளவைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இரு.

பட்டனை அழுத்தும்போது நடக்கும் பேச்சுவார்த்தை

மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்க ஸ்விட்ச் சுவர் கரன்ட்டையே வெட்டும், சேர்க்கும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற தரநிர்ணயத்தைக் கொண்டுவந்த பிறகு அது மாறிவிட்டது. இப்போது நாம் அழுத்தும் பட்டன் ஒரு விண்ணப்பம் மட்டுமே.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரைப் பாருங்கள். 20 அல்லது 24 பின், அதாவது உலோக முனைகள், இருக்கும். அதில் வயர்களின் நிறம் கண்டபடி போட்டதில்லை. மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்பு கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பாதை. இவை கூலியாட்கள். பேச்சுவார்த்தை நடத்துவது இன்னும் மூன்று நிறங்கள்: ஊதா, பச்சை, சாம்பல்.

பிளக்கைச் சொருகிப் பின் ஸ்விட்சைப் போட்டவுடனேயே ஊதா வயரில் 5 வோல்ட் வந்துவிடும். கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் இது இருக்கும். பட்டனை அழுத்தினோமா என்று பார்க்க மதர்போர்டில் ஒரு ஓரம் விழித்திருக்க வேண்டும், அதற்கான தீனி இது. ஆகவே ஷட்டவுன் செய்துவிட்டோம், போர்டில் கரன்ட் இல்லை என்று நினைத்து ரேமைப் பிடுங்குவது தப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும்.

பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரை கிரவுண்டோடு சேர்க்கும். "ஆரம்பி" என்பதற்கு அவர்களுக்குள் இருக்கும் சைகை அது. உடனே மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் உயிர் பெறும். எஸ்எம்பிஎஸ் தன் வோல்ட்டுகள் நிலைக்கு வந்துவிட்டதா என்று தானே பார்த்துக்கொண்டு, 0.1 முதல் 0.5 நொடிக்குள் சாம்பல் வயரில் 5 வோல்ட் ஏற்றும். "எல்லாம் சரி, ஓட்டலாம்" என்று பொருள். அந்தத் தலையாட்டல் கிடைக்கும்வரை மதர்போர்டு பிராசஸரை ஓட விடாது.

ஆக வரிசை இது: ஊதா காத்திருக்கும், பச்சை கேட்கும், மூன்று நிறமும் வரும், சாம்பல் சரி சொல்லும். ஃபேன் சுற்றிவிடுவது மூன்றாவது படியில். கம்ப்யூட்டர் எழுந்திருப்பது நான்காவது படிக்கு அப்புறம். ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பதற்கான ஒரு காரணம் இந்த இடைவெளியிலேயே இருக்கிறது.

சாவதைவிடத் தளர்வதுதான் அதிகம்

எஸ்எம்பிஎஸ் சட்டென்று சாவதும் உண்டு. "டப்" என்று ஒரு சத்தம், கருகல் வாசனை, அவ்வளவுதான். அதில் குழப்பமே இல்லை. தொல்லை கொடுப்பது மெதுவாகத் தளரும் ரகம்.

தளர்வது முக்கியமாகக் கெப்பாசிட்டர். அதன் உள்ளே ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது வருடக்கணக்கில் வற்றும். 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் ஒரு தோராயக் கணக்கு. பின்பக்க ஃபேனில் தூசி அடைத்துக்கொண்ட எஸ்எம்பிஎஸ் சீக்கிரம் போவது இதனால்தான். போதாக்குறைக்கு, 2000-ஐ ஒட்டிய சில வருடங்களில் தரமில்லாத திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் போய்ச் சேர்ந்தன. "கெப்பாசிட்டர் பிளேக்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்து மெஷின் உங்களிடம் இருந்தால், மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, உச்சியில் பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ அந்த போர்டின் காலம் முடிந்தது, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியும் பயன் இருக்காது.

தளர்ந்த கெப்பாசிட்டர், சேறு படிந்த டிரம் மாதிரி. பிடிக்கும் அளவு குறைந்துபோய், வாய்ப்பகுதியும் அடைத்திருக்கும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. திடீரென்று வேலை கூடும்போது வோல்ட் குப்புற விழும்.

இப்போது என் கதை. என் பழைய மெஷினில் பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றும், முன்பக்க விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. காதை வைத்துக் கேட்டால் ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும், "டிக்" என்று நிற்கும், மறுபடி சுழலத் தொடங்கும். "ஃபேன் ஓடுதே" என்ற ஒரே ஆதாரத்தை வைத்து மதர்போர்டுக்கு மரண சான்றிதழ் கொடுத்து, வேறொன்று தேடி வாங்கிப் போட்டேன். அதே ஃபேன், அதே கறுப்புத் திரை, அதே "டிக்". அப்புறம்தான் வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை எடுத்தேன். 12 இருக்க வேண்டிய மஞ்சள் வயரில் 10.9. டிஸ்க் சுழல முயலும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கீழே போய்விட்டு வந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் புது போர்டும் வேலை செய்தது, நான் ஓரங்கட்டிய பழைய போர்டும் வேலை செய்தது.

தளர்ச்சிக்கு வேறு அடையாளங்களும் உண்டு. முதல் தடவை ஆன் ஆகாமல், நாலைந்து தடவை அழுத்திய பிறகு ஆகும். கெப்பாசிட்டர் கொஞ்சம் சூடானதும் ஓரளவு ஒத்துழைப்பதால் இப்படி. கேம் ஆடும்போதோ டிவிடி எழுதும்போதோ மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். ஆன் ஆன ஒரு நொடியில் தானாக அணையும். இந்தக் கடைசி ரகத்தில் அவசரப்படாதீர்கள். எங்கோ ஷார்ட் ஆகியிருப்பதைக் கண்டு எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, குற்றவாளி வேறு எங்கோ.

திறக்கக் கூடாத பெட்டி

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். 320 வோல்ட் என்று சொன்னேனே, அதைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறக்கலாம், தப்பில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். ஃபியூஸ் பார்க்க, ஃபேனுக்கு எண்ணெய் விட என்று எந்தச் சாக்கும் வேண்டாம். அதற்குள் கை வைப்பது அந்தத் தொழில் தெரிந்தவர்களின் வேலை. நாம் செய்யப்போவதெல்லாம் வெளியே வரும் வயர்களில் மட்டும்.

சந்தேகத்தை உறுதி செய்வது

முதலில் வெட்கப்படாமல் எளிய விஷயங்களைப் பாருங்கள். அந்த பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது வேலை செய்கிறதா? பவர் கேபிள் நன்றாக இருக்கிறதா? பின்பக்க ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம், அதாவது ஆனில் இருக்கிறதா? சுத்தம் செய்யும்போது அது ஆஃப் ஆகி, "செத்துவிட்டது" என்று பெயர் வாங்கிய மெஷின்கள் எத்தனையோ. முன்பக்க பட்டனே பழுதாகவும் இருக்கலாம். பட்டனின் இரண்டு மெல்லிய வயர்கள் மதர்போர்டில் போய்ச் சேரும் இடத்தில், அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு இணைத்தால், பட்டனை அழுத்தியதற்குச் சமம். அப்போது ஆன் ஆனால் எஸ்எம்பிஎஸ் தப்பித்தது.

அடுத்தது சுமையைக் குறைப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், கூடுதல் கார்டுகள் எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி ஆன் செய்யுங்கள். ஷார்ட் கண்டு அணைந்த எஸ்எம்பிஎஸ் பல சமயம் பிளக்கைப் பிடுங்கி வைத்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும், அதற்காகத்தான் அந்த ஒரு நிமிடம். இப்போது ஓடினால், எடுத்ததில் ஏதோ ஒன்று கோளாறு, அல்லது எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்க எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெம்பு இல்லை. ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வருவது பலரும் கேள்விப்பட்ட பேப்பர் கிளிப் சோதனை. மேலே சொன்ன பேச்சுவார்த்தை புரிந்தவர்களுக்கு இதில் மாயமே இல்லை. மதர்போர்டு செய்யும் சைகையை அதற்குப் பதில் நாம் செய்கிறோம். எஸ்எம்பிஎஸ்ஸைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, எல்லா கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, பெரிய கனெக்டரில் இருக்கும் ஒரே பச்சை வயரின் துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரின் துளையையும் வளைத்த கிளிப்பால் இணைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட வேண்டும். கிளிப்பைச் செருகும்போது கரன்ட் இருக்கவே கூடாது. எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும் மாடல் என்றால், நிறத்தை நம்பிச் செய்யும் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

ஃபேன் சுற்றவே இல்லையா? எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். பழைய மாடல்கள் சில, எந்தச் சுமையும் இல்லாவிட்டால் ஓட மறுக்கும். வேண்டாத ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டி இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். ஃபேன் சுற்றினால்? மறுபடி அதே பொறி. சுற்றியது, அவ்வளவுதான். சுமை தாங்குமா என்பதற்கு இது பதில் சொல்லாது.

பதில் சொல்வது மல்டிமீட்டர்

எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு வயரில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையைப் பெரிய கனெக்டரின் முதுகுப் பக்கமாக, வயர் உள்ளே போகும் துளையில் செருகித் தொட வேண்டும். கனெக்டர் மதர்போர்டில் மாட்டியபடியே இருக்கட்டும். கை நடுங்கி இரண்டு பின்களைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது, அது ஒன்றுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இப்போது அந்த நான்கு படிகளையும் வரிசையாகப் பின்தொடரலாம். ஆஃபில் இருக்கும்போது ஊதாவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய கனெக்டரைக் கழற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் காலி. கழற்றியதும் வந்துவிட்டால் மதர்போர்டு அதை இழுத்து விழுங்குகிறது. ஊதா இருந்தால் பச்சைக்குப் போங்கள். சும்மா இருக்கையில் 3 முதல் 5 வோல்ட் வரை இருக்கும், பட்டனை அழுத்தியதும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் யாரும் எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பவே இல்லை. பட்டனையோ மதர்போர்டையோ பாருங்கள். பச்சை இறங்கியும் மற்ற நிறங்கள் வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், அல்லது ஷார்ட்.

நிறங்கள் வந்துவிட்டால் அளவைப் பாருங்கள். ஏடிஎக்ஸ் தரப்படி 5 சதவீதம் ஏறலாம், 5 சதவீதம் இறங்கலாம். மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை. ஒரு தடவை பார்த்துவிட்டு முனையை எடுத்துவிடாதீர்கள். டிஸ்க் ஓட, டிவிடி சுழல, ஏதாவது கனமான வேலை நடக்க விட்டு, எண் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். 12.1-ல் இருந்து 11.9-க்கு வந்தால் பிரச்சினை இல்லை. 11.3-க்கு வந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்றதெல்லாம் சரியாக இருந்து சாம்பல் மட்டும் 5-க்கு ஏறவில்லை என்றால், எஸ்எம்பிஎஸ்ஸே தன்னை நம்பவில்லை என்று பொருள்.

மல்டிமீட்டருக்கும் ஒரு கண் குருடு. அது சராசரியைத்தான் காட்டும். சேறு படிந்த டிரம்மிலிருந்து வோல்ட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடுங்கிக்கொண்டு வந்தால் அந்த நடுக்கம் அதில் தெரியாது. எண்கள் எல்லாம் சரி, மெஷின் மட்டும் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், நல்லது என்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் கடைசி வழி. கௌரவம் பார்க்காமல் இதை முதலிலேயே செய்துவிடுபவர்களும் உண்டு. முடிந்தால் நீங்களும் செய்யுங்கள்.

சுருக்கமாக: ஊதா, பச்சை, மூன்று நிறங்கள், சாம்பல். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சுமையோடு அளந்தால்தான் அளவு.

புதிது வாங்கும்போது: பெட்டியின் மேல் எழுதிய பெரிய எண்ணை நம்பாதீர்கள்

450 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் எந்நேரமும் 450 வாட் கரன்ட் செலவாகும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. இல்லை. கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் அது தரும். வழியில் கொஞ்சம் சூடாக வீணாகும், அதையும் சேர்த்துச் சுவரிலிருந்து எடுக்கும். கம்ப்யூட்டர் 160 வாட் கேட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 80 சதவீதம் என்றால், சுவரிலிருந்து போவது 200 வாட். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய டெஸ்க்டாப்புக்கு நேர்மையான 300 வாட் தாராளம்.

"நேர்மையான" என்று ஏன் சொன்னேன் என்றால், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருக்கும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்தான். ஓரளவு புதிய மெஷின்களில் பிராசஸர் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான் என்பதால், மீதி எண்கள் ஏட்டுச் சுரைக்காய். கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் வாங்குவதில்லை. அறிவியல் பூர்வமான சோதனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதுவரை ஏமாற்றியதில்லை.

பழைய மெஷினுக்கு இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். மதர்போர்டில் பெரிய கனெக்டர் தவிர, பிராசஸருக்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு 4 பின் கனெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பென்டியம் 4 காலத்தில், 2000 வாக்கில் வந்தது அது. இல்லையென்றால் அந்த போர்டு பிராசஸருக்கான தீனியைப் பெரும்பாலும் சிவப்பு 5 வோல்ட்டிலிருந்து எடுக்கிறது. இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் 12 வோல்ட்டில் பலசாலிகள், 5 வோல்ட்டில் முன்பு இருந்த அளவு தருவதில்லை. ஆகவே பழைய லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ, புதியதில் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாட் கூடுதலாக இருப்பதால் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது.

கனெக்டர் விஷயம் எளிது. 24 பின்னில் 4 பின் தனியாகக் கழன்று வரும் ரகம் வாங்கினால் 20 பின் போர்டுக்கும் பொருந்தும். பழைய டிரைவ்களுக்கு அகலமான 4 பின் மோலெக்ஸ் தலைகள் போதுமான அளவு வேண்டும். அளவைப் பொறுத்தவரை சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டி 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், ஆழம் பெரும்பாலும் 140. ஒல்லியான கேபினட்டாக இருந்தால் இது நுழையாது, பழையதன் அளவை எடுத்துக்கொண்டு தேட வேண்டும். 1990-களின் பிற்பகுதி பிராண்டட் மெஷின் சிலவற்றில் ஒரு வில்லங்கம்: கனெக்டர் பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறு. பழைய கனெக்டரில் நிறங்கள் வரும் வரிசையைப் புதியதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மாட்டவே மாட்டாதீர்கள், போர்டு எரிந்துவிடும்.

மாற்றும் வேலை

பிளக்கைப் பிடுங்குங்கள். பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சம் மீதி கரன்ட்டைக் கரைத்துவிடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் போக, கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கனெக்டரில் ஒரு கிளிப் இருக்கும். அதை அழுத்தாமல் வெறுமனே இழுத்தால் வருடக்கணக்கில் இறுகிப்போனது வராது, போர்டுதான் வளையும். கிளிப்பை அழுத்தி, கனெக்டரின் உடலைப் பிடித்து, இடமும் வலமும் லேசாக ஆட்டி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நேராகப் பிராசஸர் ஃபேன் மேல் விழும்.

புதியதை மாட்டுவதற்கு முன் அதன் முதுகில் 115, 230 என்று எழுதிய சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் சுவர் கரன்ட்டுக்கு ஏற்ப வையுங்கள். 230 வரும் இடத்தில் 115-ல் வைத்து ஆன் செய்தால் உள்ளே வோல்ட் இரண்டு மடங்காகி, புதிய எஸ்எம்பிஎஸ் முதல் நொடியிலேயே வெடிச்சத்தத்தோடு விடைபெறும். தானாகச் சரிசெய்துகொள்ளும் ரகத்தில் அந்த ஸ்விட்சே இருக்காது.

நான்கு ஸ்க்ரூவையும் முதலில் பாதி முடுக்கி, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்கினால் துளைகள் சண்டை போடாது. கனெக்டர்களைத் திருப்பிச் செருக முடியாதபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள், போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். கேபிள் தனியாகக் கழன்று வரும் மாடலாக இருந்தால், அதோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து வயர் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பழைய கேபிள் பொருந்துகிறதே என்று மாட்டி ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 4 பின் சதுர கனெக்டரை மறந்துவிட்டால்? எல்லா ஃபேனும் சுற்றும், திரை வராது. புது எஸ்எம்பிஎஸ் போட்டும் அதே பிரச்சினை என்று தலையில் கை வைத்து உட்காருவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை ஆன் ஆனதும் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டே காட்டும் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், பெரும்பாலான போர்டுகளில் வோல்ட்டுகளைக் காட்டும் ஒரு பக்கம் இருக்கும். அந்த எண்கள் தோராயமானவை. பெரிய வித்தியாசம் தெரிந்தால் மட்டும் மல்டிமீட்டரை எடுங்கள். தேதி பல வருடம் பின்னால் போய், ஜனவரி 1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் எந்தக் குறையும் இல்லை. பிளக் பிடுங்கியிருந்த நேரத்தில் கடிகாரத்தைத் தாங்க வேண்டிய, நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. 3 வோல்ட் பேட்டரிதான். கேபினட் திறந்திருக்கும்போதே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதையும் மாற்றிவிடுங்கள்.